சூடானுக்கும் நமக்கும் என்ன? மட்டக்களப்பு ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

எழுவான்கரை, படுவான்கரை இரண்டு பக்கத்திலும் உள்ள விளையாட்டுக் கழகங்கள், வாசிகசாலைகள், கோயில் பரிபாலன சபைகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

தனித்தனியாகக் கடிதம் கொடுத்தால் அது செயலாளரின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். விஷயம் சூடான். ஆபிரிக்காவில் இருக்கிற அதே சூடான்தான்.

அண்மையில் ஒரு கழகக் கூட்டத்தில், வேறு ஏதும் விடயங்கள் உண்டா என்று தலைவர் கேட்டபோது, ஒரு தம்பி எழும்பி, சூடானில் நடக்கிறதைப் பற்றி ஒரு நாள் பின்னேரம் கூடிக் கதைத்தால் என்ன என்று கேட்டார். முதலில் சிரிப்பு. மறுகா பதில்கள். "நம்மட பிரச்சினையே தீரல்ல, இதுக்குள்ள சூடானா?" என்றார் ஒருவர். "நாம சாகக்குள்ள எவன் வந்தவன்?" என்றார் இன்னொருவர். "அது முஸ்லிம் நாடு, அவங்க பார்த்துக்குவாங்க" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். அதோடு கூட்டம் மைதானத்து லைட் பிரச்சினைக்குப் போய்விட்டது. சொன்னவர்கள் யாரும் ஈரமில்லாத ஆட்கள் இல்லை, அதில் ஒருவர் ஊரில் செத்த வீடு என்றால் முதல் ஆளாகப் பந்தல் போட நிற்பவர். அதனால்தான் கோபப்படாமல் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். (கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.)

அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் செய்திகளில் அது இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் ஜெனரல் புர்ஹானின் இராணுவம், மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் டகாலோவின் விரைவு ஆதரவுப் படை. இரண்டு பேரும் சேர்ந்துதான் 2021 ஒக்டோபரில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், பிறகு யார் பெரியவர் என்பதில் முட்டிக்கொண்டார்கள், அடி முழுவதும் சனத்துக்கு. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு ஓட வேண்டி வந்தது. நம் முழு இலங்கையின் சனத்தொகையில் பாதிக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விரைவு ஆதரவுப் படை யார் என்றால், 2003 இல் மேற்கே டார்பூரில் ஊர் ஊராக எரித்த ஜன்ஜவீட் ஆயுதக் கும்பல்களின் வாரிசு. அன்றைக்கும் இன்றைக்கும் அவர்கள் தேடிப்போய்க் கொல்வது மசாலித், பூர், சகாவா போன்ற அரபு அல்லாத இனத்தவரை. கொல்பவனும் முஸ்லிம், கொல்லப்படுபவனும் முஸ்லிம், இருவரும் தொழும் திசையும் ஒன்று. இதில் யார் யாரைப் "பார்த்துக்கொள்வது"? மேற்கு டார்பூரின் எல் ஜெனீனா நகரில் மட்டும் 2023 இல் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு ஒன்று கணித்தது. அந்த மாநில ஆளுநர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து இங்கே இனப்படுகொலை நடக்கிறது என்று சொன்னார், சொன்ன கையோடு பிடித்துக் கொன்றுவிட்டார்கள்.

பிறகு எல் பாஷர். டார்பூரில் இராணுவத்தின் கையில் எஞ்சியிருந்த ஒரே பெரிய நகரம். 2024 மே மாதம் தொடங்கி 2025 ஒக்டோபர் 26 அன்று விழும் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் முற்றுகை. கடைசி மாதங்களில் நகரைச் சுற்றி மண் அணை கட்டினார்கள், உள்ளே சாப்பாடு போகாமலும் வெளியே ஆள் தப்பாமலும் இருக்க. மண் அணை என்றால் என்னவென்று வன்னியில் இருந்து வந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. உள்ளே இருந்த சனம் கடைசியில் தின்றது அம்பாஸ், அதாவது எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுகிற நிலக்கடலைப் புண்ணாக்கு, மாட்டுத் தீனி. நகரம் விழுந்ததும் மகப்பேற்று மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளிகளும் துணைக்கு நின்றவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் தகவல் கிடைத்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

மே மாதத்தில் நாம் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, தண்ணீர், உப்பு. பொலிஸ் வந்து தடுத்தாலும் காய்ச்சுகிறோம், போகிற வருகிறவர்களை மறித்துக் கொடுக்கிறோம், இதைத்தான் அந்தச் சனம் குடித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிக்கிற பிள்ளை, இந்த வருடம் இதே மாதிரி வேறு எங்கே நடந்தது என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கோயில் வாசலில் கிடாரம் வைக்கிற சபையே அதையும் சொன்னால் என்ன?

சரி, "எவன் வந்தவன்" என்ற கேள்விக்கு வருகிறேன். இது ஏதோ வாய்க்கு வந்த பேச்சு இல்லை, உள்ளே காயம் இருக்கிற பேச்சு. உண்மையும் பெரும்பகுதி அதுதான். 2009 மே 27, முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடி அரசாங்கத்துக்குச் சாதகமான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரித்த நாடுகள் 29. அந்த 29 இல் இந்தியாவும் இருந்தது, புரட்சி நாடு என்று நாம் சுவரில் படம் ஒட்டி வைத்திருந்த கியூபாவும் இருந்தது. எதிர்த்தவை 12. அந்தப் பன்னிரண்டில் ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் இருந்ததில் ஆச்சரியமில்லை, அங்கே நம் சனம் இருக்கிறது, வீதியில் இறங்கியது. ஆனால் சிலியும் மெக்சிகோவும் இருந்தன. சிலியில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருந்திருக்கும்? யார் அங்கே ஊர்வலம் போனார்கள்?

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 2006 நவம்பர் 8, வாகரைப் பக்கத்துக் கதிரவெளி. இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு அங்கே போய்ப் பார்த்து, அந்த முகாம் பகுதியில் இராணுவ நிலை எதுவும் இருக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுக்காரர்கள். நோர்வே, ஐஸ்லாந்து என்று அந்தப் பக்கத்து ஆட்கள். வாகரை எந்தத் திசையில் இருக்கிறது என்று அதற்கு முன் அவர்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் சொன்னதால் செத்தவர்கள் எழும்பி வரவில்லைதான். ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அந்தக் கொஞ்சப் பேரும் நமக்கு மாமன் மச்சான் முறை இல்லாதவர்கள். இதில் இருந்து "நாங்களும் யாருக்கும் போக மாட்டோம்" என்ற முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது கூகிளில் தேடிக் கொண்டுவந்து நீட்டுவதற்கு முன். 2021 மார்ச்சில் அதே பேரவையில், இலங்கை பற்றிச் சாட்சியங்கள் சேகரிக்க வழிசெய்த 46/1 தீர்மானம் வந்தபோது 22 நாடு ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நாடு நடுநிலை. நடுநிலை வகித்த பதினான்கில் சூடானும் ஒன்று. "பாத்தீங்களா" என்பீர்கள். பார்த்தேன். அன்று சூடானின் உச்ச இருக்கையில் இருந்தவர் இதே ஜெனரல் புர்ஹான். எல் பாஷரில் புண்ணாக்குத் தின்ற தாய் ஜெனீவாவில் பொத்தானை அமத்தவில்லை. கொழும்பில் இருந்து போகிற தூதுக்குழு அங்கே எழும்பிப் பேசுகிறபோது, அது வாகரையில் மகனைத் தேடுகிற அம்மாவின் பேச்சு இல்லை என்று நாம் வருடா வருடம் கத்துகிறோமே, அந்த நியாயம் அவர்களுக்கும் இருக்க வேண்டாமா?

அரசியல் தெரிந்தவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் இலங்கையைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேசுகிறோம், கைதட்டுகிறோம். இலங்கை அந்த நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில் சேரவில்லை. சூடானும் சேரவில்லை. அப்படிச் சேராத நாட்டின் விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை அங்கே அனுப்பியது இதுவரை இரண்டே தடவை: 2005 இல் டார்பூர், 2011 இல் லிபியா. அதாவது நாம் கேட்கிற அதே வழியில் உலகத்தில் முதல் முதலாகப் போன சனம் டார்பூர்ச் சனம். அந்த வழியில் என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் எடுக்கும், எங்கே அடைபடும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் படிக்க வேண்டிய கதை அவர்களுடையதுதான், நம் தலைவர்களின் மேடைப் பேச்சில் அது கிடைக்காது.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால்: 2009 மார்ச் 4 அன்று அந்த நீதிமன்றம் சூடான் ஜனாதிபதி ஒமர் அல் பஷீருக்குப் பிடியாணை பிறப்பித்தது. அந்த மார்ச்சில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஷீர் இன்னும் ஹேக் நகருக்குப் போகவில்லை. 2003, 2004 காலக் குற்றங்களுக்காக, அலி குஷேப் என்ற ஜன்ஜவீட் தலைவன் ஒருவனை 27 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 2025 ஒக்டோபரில். இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, டார்பூர் வழக்குகளில் தீர்ப்புவரை வந்த ஒரே ஆள். அந்தத் தீர்ப்பு வந்த அதே மாதக் கடைசியில்தான் எல் பாஷர் விழுந்தது. அதே ஒக்டோபரில்தான் ஜெனீவாவில் நம்முடைய சாட்சிய சேகரிப்புக்கும் கால நீடிப்புக் கிடைத்தது. காந்தி பூங்காவில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாமாருக்கு இந்தத் திகதிகளை யாராவது உட்கார்ந்து விளங்கப்படுத்தியிருக்கிறோமா? இருபது வருடத்துக்கு ஒருவன் என்பது மனதை உடைக்கிற கணக்கு. ஆனால் அந்த ஒருவனைக் கூட்டில் ஏற்றியது, அகதி முகாமில் இருந்துகொண்டு பெயர், இடம், நாள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த சனம். அவர்களிடம் நம் அம்மாமாரும் அம்மாமாரிடம் அவர்களும் கேட்டறிய நிறைய இருக்கிறது.

"தூரத்து நாடு" என்கிறீர்கள். தூரம் என்பதை எதை வைத்து அளப்பது என்று எனக்குச் சந்தேகம். சூடானில் தோண்டுகிற தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு. அந்தத் தங்கம்தான் இரண்டு பக்கத்துக்கும் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கிறது. விரைவு ஆதரவுப் படைக்கு ஆயுதம் போகிற வழியும் அமீரகம்தான் என்று சூடான் அரசு சர்வதேச நீதிமன்றம்வரை (இது நாடுகளுக்கிடையிலான வழக்குகளைப் பார்க்கிற வேறு நீதிமன்றம்) போனது, அமீரகம் மறுக்கிறது, தனக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2025 மே மாதத்தில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. டுபாயில் இருந்து வருகிற தங்கத்தை உருக்கியபின் அது எந்த மண்ணில் இருந்து வந்தது என்று எந்தப் பத்தராலும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் தாலிக்கொடி, காப்பு எத்தனை பவுண் அப்படி வந்தது? தூக்கி எறியச் சொல்லவில்லை, எறிய நம்மிடம் என்ன இருக்கிறது. அபுதாபியில் வீட்டு வேலைக்கு நிற்கிற அக்காவை இதைப் பற்றிப் பதிவு போடச் சொல்லவும் இல்லை, அவ போட்டால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள். அவவால் பேச முடியாது, இங்கே இருக்கிற நம்மால் முடியும். அவ அனுப்புகிற காசில் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு அந்த நாடு என்ன செய்கிறது என்றுகூடத் தெரியாமல் இருப்பது சரியா என்றுதான் கேட்கிறேன்.

பொடியன்களின் கதைக்கு வருவோம், இதுதான் கழகங்களுக்கு மிகக் கிட்டிய விஷயம். ரஷ்ய இராணுவத்தில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அதில் 59 பேர் செத்துவிட்டார்கள் என்று வெளிவிவகார அமைச்சர் 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார். யுக்ரேன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ. பலருக்கு ஏஜென்சிக்காரன் சொன்னது வேறு வேலை. கொலம்பியாவின் முன்னாள் படைவீரர்களை இதே மாதிரிக் காவல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் டார்பூரில் இறக்கியிருக்கிறார்கள். அப்புறம் இஸ்ரேல். 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இரண்டு இலங்கையரும் உயிரிழந்தார்கள். அதன்பின் பலஸ்தீனத் தொழிலாளர்களை உள்ளே விடாததால் காலியான தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் நம் அரசாங்கம் ஆள் அனுப்பியது. அதே ஒக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் காசாவில் சண்டையை நிறுத்தச் சொல்லி வாக்களித்ததும் இதே அரசாங்கம்தான். போகிறவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வயிறு அப்படி. ஆனால் நாளைக்கு ஒரு தம்பி விமானச்சீட்டோடு கழகத்துக்குச் சொல்லிவிட்டுப் போக வரும்போது, அவன் போகிற இடத்தில் யார் யாரோடு அடிபடுகிறார்கள், அவன் யாருடைய இடத்துக்குப் போகிறான் என்று நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

"நம்மட பிரச்சினையே தீரல்ல." தீரவில்லைதான். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களின் மேய்ச்சல் தரைப் போராட்டத்தை யாரும் மறக்கவில்லை. சூடானைப் பற்றி ஒரு பின்னேரம் கதைத்தால் மாதவனையில் ஒரு மாடும் குறையப் போவதில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். காசாவுக்காகக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஜும்மா முடிந்து ஊர்வலம் போனால் நாம் பஸ்ஸுக்குள் இருந்து வேடிக்கை பார்க்கிறோம். மே மாதம் நாம் கஞ்சி கொடுத்தால் அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். சூடானுக்காக இரண்டு பக்கத்திலும் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அங்கே செத்தவன் யாருடைய ஆள் என்று சட்டென்று சொல்ல முடியாமல் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு சேர்த்துத் தமிழ்ச் சனத்தைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு வாவியும் ஒரு நகரமும்தான். அவரவர் இடத்தில் அவரவர் விளக்கேற்றுகிறோம், துஆ கேட்கிறோம். பக்கத்து ஊருக்காக அழாதவன் சூடானுக்காக அழுவதா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியில் பிழை இல்லை. ஆனால் எனக்கு இப்படியும் தோன்றுகிறது: இவர்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து யாருடைய கணக்கையும் கிளறாமல் கதைக்கக்கூடிய ஒரு துயரம் இப்போதைக்கு இருக்குமென்றால் அது சூடான்தான். அங்கே தொடங்கி இங்கே வந்து சேரலாம், வராமலும் போகலாம். முயன்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஊர்வலம் வேண்டாம், மெழுகுதிரி வேண்டாம், கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிப் பத்திரிகைக்குப் படம் அனுப்புகிற வேலை தயவுசெய்து வேண்டாம். வாசிகசாலையில் ஒரு பின்னேரம், சுவரில் ஒரு ஆபிரிக்க வரைபடம், உயர்தரத்தில் அரசியல் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் தேடி வாசித்து வந்து சொல்லட்டும். பெரியவர்கள் கேளுங்கள், குறுக்கே பேசாமல். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தைச் சூடான் என்று சொல்லி அனுப்புவதற்கு முன், அது சிரியாவா, பத்து வருடம் பழையதா என்று பார்க்க அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். நம்முடைய 2009 படங்களைப் பொய் என்று சொன்னவர்களுக்கு வாய்ப்பாக அமைந்ததும் நம் ஆட்கள் கலந்துவிட்ட வேறு நாட்டுப் படங்கள்தான்.

மாவட்டத்தில் இருந்து ஐந்து பேர் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை போர்த்துகிறபோது ஒன்று கேளுங்கள்: ஐ.நா.வில் இலங்கை எதற்கு எப்படி வாக்களிக்கிறது, ஏன்? 2022 மார்ச்சில் யுக்ரேன் தீர்மானத்தில் ஏன் நடுநிலை? ரஷ்யாவுக்கு ஆள் ஏற்றிய ஏஜென்சிகள் என்ன ஆயின? சூடான் பற்றிய உண்மை அறியும் குழுவை 2023 ஒக்டோபரில் மனித உரிமைகள் பேரவை அமைத்தபோது ஆதரவு 19, எதிர்ப்பு 16. மூன்றே வாக்கு வித்தியாசம். எங்கோ மூன்று நாடுகள் ஆதரவுக் கையைத் தூக்காமல் விட்டிருந்தால் அந்தக் குழுவே இல்லை. வெளிநாட்டுக் கொள்கை என்பது கொழும்பு ஆட்களின் வேலை என்று நாம் விட்டுவிட்டதால்தான், நம் பெயரில் அங்கே என்ன கை தூக்குகிறார்கள் என்று நமக்கே தெரியாமல் இருக்கிறது.

காசு சேர்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள், நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர். சூடானில் 'அவசர உதவி அறைகள்' என்று தெருத் தெருவாக இளைஞர்கள் தாங்களே அமைத்த குழுக்கள் இருக்கின்றன. பொதுச் சமையல், ஆட்களை வெளியேற்றுவது, மருந்து தேடுவது எல்லாம் அவர்கள்தான், பெரிய நிறுவனங்கள் உள்ளே போக முடியாத இடங்களிலும். 2025 இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கொடுத்தார்கள். சுனாமி அடித்த அன்று பின்னேரம், எந்த வெள்ளை வாகனமும் வருவதற்கு முன், கல்முனையில் இருந்து வாகரை வரைக்கும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் அடுப்பு மூட்டியது யார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆட்கள்தான் இவர்கள். யாருக்கு, எந்த வழியில் அனுப்புவது என்று நன்றாக விசாரித்தபின் முடிந்ததை அனுப்பலாம். விசாரிக்க முடியாவிட்டால் அனுப்ப வேண்டாம், அது பாவமில்லை.

அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்த கழகத்துக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அவரை அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுப்புங்கள். அரை மணித்தியாலம் கொடுங்கள். காத்தான்குடிப் பக்கம் இரண்டு ஆசிரியர்கள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா நாள். வரைபடம் என்னிடம் இருக்கிறது. தேத்தண்ணிச் செலவும் என்னுடையது, வடை கழகத்தின் கணக்கில்.

அன்புடன்,
வாவிக்கரையில் இருந்து உங்களில் ஒருவன்